நைட் ஹைவேஸ்ல பின்னாடி முட்டுற மாதிரி ஒட்டிக்கிட்டு வர்றவனை என்னதான் பண்றது?

பெரம்பலூர்ப்பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். லைசென்ஸ் எடுத்து ஆறு வருஷம் ஆச்சு, ஆனா நிஜமா கார் ஓட்ட ஆரம்பிச்சு 8 மாசம்தான் ஆகுது, சின்ன வண்டி. போன வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிஞ்சு தாம்பரத்துல இருந்து பெரம்பலூர் கிளம்பினோம். நான், அம்மா, பின்சீட்ல 5 வயசு பொண்ணு. செங்கல்பட்டு தாண்டுற வரைக்கும் வழக்கமான வெள்ளிக்கிழமை கூத்துதான், அதுக்கப்புறம் ரோடு காலியாச்சு, நானும் 80, 85னு போயிட்டிருந்தேன்.

திண்டிவனம் தாண்டினதும் இடது பக்கம் நாலஞ்சு லாரி வரிசையா போயிட்டிருந்துச்சு, அதை ஓவர்டேக் பண்ண ரைட் லேன் புடிச்சேன். ரெண்டு லாரிதான் தாண்டியிருப்பேன், எங்கிருந்து வந்தான்னே தெரியல, ஒரு பெரிய வெள்ளை வண்டி, ஹை பீம் போட்டு ஹாரனை அமுக்கிக்கிட்டே பின்னாடி வந்து ஒட்டிட்டான். கண்ணாடியில அவன் லைட்டைத் தவிர ஒண்ணுமே தெரியல. இடது பக்கம் ஒதுங்கலாம்னா லாரி, வலது பக்கம் டிவைடர். எனக்கு கை வேர்த்துருச்சு. பயத்துல ஆக்ஸிலேட்டரை மிதிச்சு 110 வரைக்கும் போயிட்டேன், இந்த வண்டியில நான் இதுவரைக்கும் 100 தாண்டினதே இல்ல, ஸ்டியரிங் லேசா ஆடுற மாதிரி இருந்துச்சு. லாரி எல்லாம் தாண்டி இடது பக்கம் வந்ததும் அவன் சர்ருனு போயிட்டான், போகும்போது ஒரு முறை முறைச்சான் வேற. நான் அப்படியே ரோட்டோரமா நிறுத்தி ஹசார்ட் லைட் போட்டு அஞ்சு நிமிஷம் உக்காந்திருந்தேன். அம்மா இனிமே பஸ்லயே போலாம்டின்னு ஒரே பாட்டு.

வீட்ல சொன்னா ஆளுக்கொண்ணு சொல்றாங்க. அண்ணன் "பிரேக்கை ஒரு தடவை அமுக்கிக் காட்டு, தானா பின்வாங்குவான்"ங்கிறான். வீட்டுக்காரர் "நீ கண்டுக்காம 80லயே போ, அவன் என்ன பண்ணிடுவான்"ங்கிறார். டிரைவிங் ஸ்கூல்ல எட்டு போடத்தான் சொல்லிக் குடுத்தாங்க, இதெல்லாம் யாரும் சொல்லித் தரல. அடுத்த வாரம் மறுபடி ஊருக்குப் போகணும். நீங்க எல்லாம் என்ன பண்ணுவீங்க?


பத்துவீல்:

தங்கச்சி, நான் நாமக்கல், 22 வருஷமா லாரி. நீ தாண்டினியே அந்த வரிசையில நானே கூட இருந்திருப்பேன், வாரம் ரெண்டு தடவை அந்த ரோடுதான்.

முதல்ல உங்க அண்ணன் சொன்னதை மறந்துரு. நீ 90ல போறேன்னு வை, ஒரு செகண்டுக்கு 25 மீட்டர் போற. அவன் உனக்குப் பின்னாடி 5 மீட்டர்ல வர்றான்னா அவனுக்கும் உனக்கும் நடுவுல இருக்கிறது செகண்டுல அஞ்சுல ஒரு பங்கு. கண்ணு சிமிட்டுற நேரம். உன் பிரேக் லைட்டைப் பார்த்து, மூளைக்குப் போய், கால் பிரேக்குக்குப் போறதுக்கே மனுஷனுக்கு ஒரு செகண்டு, ஒண்ணரை செகண்டு ஆகும். அதுக்குள்ள உன் டிக்கி இருக்காது. பின்சீட்ல குழந்தைங்கிற. அவனுக்குப் பாடம் நடத்த உன் வண்டியோட பின்பக்கத்தைக் குடுக்கலாமா?

அடுத்து, ஆக்ஸிலேட்டரை மிதிச்சது. அதுவும் தப்புதான், ஆனா எல்லாரும் பண்ற தப்பு. நீ 110 போனாலும் அவனும் அதே 110ல ஒட்டிக்கிட்டுதான் வந்திருப்பான், அப்படித்தானே? இடைவெளி கூடல, வேகம் மட்டும் கூடிப்போச்சு. உனக்கு எந்த வேகம் கைக்கு அடங்குதோ அதுலயே ஓவர்டேக்கை முடி.

நான் என்ன பண்ணுவேன்னா, ஓவர்டேக்கிங்ல இருக்கும்போது எவனாவது பின்னாடி வந்து ஒட்டுனா உடனே லெஃப்ட் இண்டிகேட்டரைப் போட்டுருவேன், ஒதுங்க இடம் வர்றதுக்கு முன்னாடியே. அதுக்கு அர்த்தம் "பார்த்துட்டேன்பா, சைடு தர்றேன், கொஞ்சம் பொறு". பத்துல எட்டு பேரு அதைப் பார்த்ததும் ஹாரனை விட்டுட்டு கொஞ்சம் பின்வாங்குவான். அவனுக்கு வேண்டியது சைடு, உன்கூட சண்டை இல்ல. ஆனா இண்டிகேட்டர் எரியுதுன்னு அவசரப்பட்டு லாரிக்கு முன்னாடி சொருகிறாத, லாரியோட ரெண்டு ஹெட்லைட்டும் உன் உள் கண்ணாடியில முழுசா தெரிஞ்சப்புறம் திரும்பு. லோடு வண்டி உன் கார் மாதிரி நிக்காது.

இன்னொண்ணு, இதுதான் முக்கியம். பின்னாடி இருக்குற இடைவெளி அவன் கையில, அதை உன்னால ஒண்ணும் பண்ண முடியாது. முன்னாடி இருக்குற இடைவெளி உன் கையில. பின்னாடி எவனாவது ஒட்டுறான்னா முன்னாடி போற வண்டிகிட்ட இருந்து வழக்கத்தை விட ரெண்டு மடங்கு தள்ளி வா, பிரேக்கை மிதிக்காம ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை லேசா எடுத்தே தள்ளிப் போகலாம். எதுக்குன்னா, முன்னாடி எதாவது ஆச்சுன்னா நீ மெதுவா, கொஞ்சம் கொஞ்சமா பிரேக் புடிக்கலாம். நீ மெதுவா நின்னா அவனும் நிப்பான். நீ டக்குனு நின்னா அவன் உன் மேலதான் நிப்பான்.


ஓரஞ்சாரம்:

பத்துவீல் அண்ணன் சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கிறேன். உள் கண்ணாடிக்கு அடியில ஒரு சின்ன லீவர் மாதிரி இருக்கும் பாருங்க, அதை இழுத்தா கண்ணாடி கொஞ்சம் சாஞ்சு பின்னாடி லைட் மங்கலா தெரியும். எனக்கு இது ரெண்டு வருஷம் தெரியாது, ஏதோ கண்ணாடி கழட்டுறதுக்குன்னு நினைச்சிட்டிருந்தேன். கண்ணு கூசுறது போனாலே பாதி பதட்டம் போயிரும். சைடு கண்ணாடியில அடிச்சா தலையை ரெண்டு இஞ்ச் முன்னாடி நகர்த்துங்க போதும்.

அப்புறம் ஹை பீம் போட்டிருக்கான்னு நாம நினைக்கிறதுல பாதி ஹை பீமே இல்ல. பழைய ஹெட்லைட்டுக்குள்ள வெளியில வாங்குன வெள்ளை எல்ஈடி பல்பை மாட்டிக்கிட்டு சுத்துறானுங்க, அது டிம்ல இருந்தாலும் நாலாபக்கமும் சிதறி கண்ணைக் குத்தும். அவனுக்கே தெரியாது.


டாப்கியர்_தலைவன்:

எல்லாரும் பின்னாடி வர்றவனையே திட்டுறீங்களே, 80ல போறவங்க ரைட் லேன்ல என்ன பண்றீங்க? விழுப்புரத்துல இருந்து உளுந்தூர்பேட்டை வரைக்கும் ரைட் லேன்லயே உருட்டிக்கிட்டு போறவங்களை நான் பார்த்திருக்கேன், ஹாரன் அடிச்சாலும் நகர மாட்டாங்க, லைட் அடிச்சாலும் நகர மாட்டாங்க. நான் ஒட்டுவேன், ஒத்துக்கிறேன். ஒட்டினாதான் நகர்றாங்க.


பெரம்பலூர்ப்பொண்ணு:

சார் நான் ரைட் லேன்ல உருட்டல, லாரியை ஓவர்டேக் பண்ணிட்டிருந்தேன். பறந்தா போக முடியும்?


பத்துவீல்:

தலைவா, ரைட் லேன் ஓவர்டேக்குக்குத்தான், அதுல நீ சொல்றது நியாயம். எங்க ஆளுங்களும் ரைட்லயே போறாங்கன்னு எல்லாரும் திட்டுறீங்க, தெரியும். ஏன் போறோம்னு ஒரு நாள் இடது பக்கமா ராத்திரி வந்து பாரு. எதிர்த்தாப்புல ராங் சைடுல பைக் வரும், டெயில் லைட் இல்லாத டிராக்டர் வரும், கரும்பு லோடு பாதி ரோட்டை அடைச்சிட்டு நிக்கும், ஊருக்குள்ள இருந்து மாடு வரும். அதுக்காக ரைட்ல உருட்டுறது சரின்னு சொல்லல, காரணம் சொன்னேன்.

ஆனா ஒட்டினாதான் நகர்றாங்கன்னியே, ஒரு கணக்கு போடு. 10 கிலோமீட்டர் 80ல போனா ஏழரை நிமிஷம், 100ல போனா 6 நிமிஷம். அந்தப் புள்ள உனக்கு முன்னாடி 10 கிலோமீட்டர் போனாக் கூட உனக்குப் போறது ஒண்ணரை நிமிஷம். விக்கிரவாண்டி டோல்ல ஃபாஸ்டேக் ஒரு தடவை எடுக்கலைன்னா அதை விட அதிகமா நிப்ப.


டாப்கியர்_தலைவன்:

கணக்கு சரிதான்ணே. அந்த நேரத்துல கணக்கு எங்க வருது, கோவம்தான் வருது.


கிளைம்_டேபிள்:

நான் மோட்டார் இன்ஷூரன்ஸ் கிளைம் பக்கம் வேலை பாக்குறவன், அதனால பிரேக் அடிச்சுக் காட்டுற விஷயம் பத்தி மட்டும் சொல்றேன். "பின்னாடி வந்து இடிச்சா அவன் மேலதான் தப்பு, அதனால நாம தைரியமா பிரேக் அடிக்கலாம்"னு நிறைய பேர் நம்புறாங்க. பொதுவா பின்னாடி வர்றவன்தான் நிக்கிற அளவுக்கு தூரம் விட்டு வரணும், அது 2017 டிரைவிங் விதிகள்லயே இருக்கு. ஆனா அதே விதிகள்ல தகுந்த காரணம் இல்லாம திடீர் பிரேக் போடக்கூடாதுன்னும் இருக்கு, அதை யாரும் படிக்கிறதில்ல.

நம்ம கோயம்புத்தூர் கேஸ் ஒண்ணு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. 2017 ஜனவரி, ஒரு இன்ஜினியரிங் ஸ்டூடண்ட் பைக்ல போறார், முன்னாடி போன கார் ஹைவேஸ்ல திடீர்னு பிரேக் அடிச்சு நிக்குது, பைக் கார் மேல இடிச்சு அவர் ரோட்ல விழுறார், பின்னாடி வந்த பஸ் ஏறி கால் போயிருச்சு. கார்க்காரர் சொன்ன காரணம், கர்ப்பமா இருந்த மனைவிக்கு வாந்தி வர்ற மாதிரி இருந்துச்சுன்னு. கேட்டா பாவமாத்தான் இருக்கு. 2025 ஜூலைல தீர்ப்பு வந்துச்சு, ஹைவேஸ்ல சிக்னல் குடுக்காம அப்படி நிறுத்துனது கவனக்குறைவுதான்னு சொல்லி கார்க்காரர் மேல 50 சதவீதம் தப்பு, பஸ் மேல 30, முன்னாடி வண்டிக்கு இடைவெளி விடலைன்னு அந்தப் பையன் மேலயும் 20 போட்டாங்க. இத்தனைக்கும் கீழ ட்ரிப்யூனல்ல கார்க்காரர் மேல தப்பே இல்லைன்னுதான் சொல்லியிருந்தாங்க.

நிஜக் காரணம் இருந்தவருக்கே 50. பின்னாடி வர்றவனைப் பயமுறுத்த பிரேக் அடிச்சேன்னு டேஷ்கேம்ல பதிவாச்சுன்னா என்ன ஆகும்னு உங்க அண்ணன்கிட்ட கேளுங்க மேடம். டேஷ்கேம் வாங்குறதா இருந்தா பின்னாடிக்கும் ஒண்ணு சேர்த்து இருக்குறதா வாங்குங்க, முன்னாடி மட்டும் இருக்குறது இந்த மாதிரி விஷயத்துக்கு உதவாது.


கொளத்தூர்_ஸ்கூட்டி:

கார்ல இருக்குறவங்களுக்கு டிக்கியாவது இருக்கு. நான் ஸ்கூட்டர், தினமும் ஹன்ட்ரட் ஃபீட் ரோடு, பின்னாடி பஸ் வந்து ஹாரன் அடிச்சா முதுகெலும்பே ஆடும். டூவீலருக்கு நான் கத்துக்கிட்டது, கௌரவம் பாக்காம ஒதுங்கிரணும். ஆனா ஒதுங்குறேன்னு அப்படியே இடது பக்கம் வெட்டக்கூடாது, அங்க இன்னொரு பைக் உள்ள நுழைஞ்சிட்டிருப்பான். கண்ணாடி பார்த்து, கழுத்தையும் லேசா திருப்பிப் பார்த்து, கையைக் காட்டி, அப்புறம் ஒதுங்கணும். மழையில மேன்ஹோல் மூடி மேலயும் வெள்ளைக் கோடு மேலயும் பிரேக் புடிக்காம ஒதுங்கணும், அதுல ஒரு தடவை விழுந்து எந்திரிச்சிருக்கேன்.


பெரம்பலூர்ப்பொண்ணு:

எல்லாருக்கும் ரொம்ப தேங்க்ஸ். அண்ணன்கிட்ட கோயம்புத்தூர் கேஸைப் படிச்சுக் காட்டினேன், வாயைத் திறக்கல. ரெண்டு டவுட் இருக்கு.

ஒண்ணு, முன்னாடி வண்டிக்கு "ரெண்டு மடங்கு தள்ளி வா"ன்னு சொன்னீங்கண்ணா, எனக்கு ராத்திரியில மீட்டர் கணக்கெல்லாம் தெரியல, எப்படி அளக்குறது? இன்னொண்ணு, சைடு குடுத்தும் போகாம பின்னாடியே வர்றவன் இருப்பானா? பொண்ணுங்க ஓட்டுறாங்கன்னு தெரிஞ்சா சில பேரு வேணும்னே பண்றாங்கன்னு என் ஃப்ரெண்ட் சொன்னா.


பத்துவீல்:

மீட்டர் வேணாம், வாயால அள. முன்னாடி போற வண்டி ஒரு போர்டையோ பாலத்துச் செவுத்தையோ தாண்டும்போது வழக்கமான வேகத்துல "தாம்பரம், செங்கல்பட்டு, திண்டிவனம்"னு சொல்லு. நீ திண்டிவனம் சொல்லி முடிச்சப்புறம்தான் உன் வண்டி அந்த போர்டைத் தாண்டணும். அது ஏறக்குறைய மூணு செகண்டு. பின்னாடி எவனாவது ஒட்டினாலோ மழை பேஞ்சாலோ விழுப்புரம், உளுந்தூர்பேட்டை வரைக்கும் சேர்த்துக்கோ. இடைவெளி விட்டா நடுவுல ஒருத்தன் நுழைவான், நுழையட்டும், மறுபடி தாம்பரத்துல இருந்து ஆரம்பி.

ரெண்டாவது, பின்னாடியே வர்றவன்ல நான் பார்த்த வரைக்கும் ரெண்டு ஜாதி. ஒருத்தன் வேணும்னே பண்றவன். இன்னொருத்தன் தூங்குறவன். விடியக்காலை ரெண்டு மணி, மூணு மணிக்கு உன் டெயில் லைட்டையே வெறிச்சுப் பார்த்துக்கிட்டு வருவான், ஹாரன் அடிக்க மாட்டான், லைட் அடிக்க மாட்டான், நீ வேகம் குறைச்சாலும் தாண்ட மாட்டான், வண்டி கோட்டுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மெதுவா அலையும். எனக்கு ஹாரன் அடிக்கிறவனை விட இவனைக் கண்டாதான் பயம். அப்படி ஒருத்தன் வந்தா நல்லா தூரத்துல இருந்தே இண்டிகேட்டர் போட்டு, கொஞ்சம் கொஞ்சமா வேகத்தைக் குறைச்சு, வெளிச்சமா இருக்குற பங்க் எதுலயாவது நுழைஞ்சு ஒரு டீயைக் குடிச்சிட்டு கிளம்பு. அவன் போகட்டும்.

லாரி பஸ் பின்னாடி ஒட்டுனா இன்னும் சீக்கிரம் வழி விட்டுரணும். எங்களுக்கு ஏர் பிரேக், மிதிச்ச உடனே புடிக்காது, காத்து போய்ச் சேரணும், அதுக்கு மேல 20, 25 டன் எடை இருக்கு. தொப்பூர் இறக்கத்துல பின்னாடி லாரி நெருங்குதுன்னா அவன் உன்னை மிரட்டுறான்னு நினைக்காத, அவனுக்குப் பிரேக்கே புடிக்காம இருக்கலாம். அங்க வழி மறைச்சு வீம்பு பண்ணாம விலகிரு. இது என் அனுபவத்துல சொல்றது, மத்ததெல்லாம் மறந்தாலும் இதை மறக்காத.


இரவுப்பயணி_ஷீலா:

அந்த வேணும்னே பண்றவனைப் பத்தி நான் சொல்றேன், எனக்கு நடந்திருக்கு. சேலம் ரோட்ல ஒரு கார், நான் 60க்கு வந்தா அவனும் 60, நான் 90னா அவனும் 90. ரெண்டு தடவை சைடு குடுத்தேன், போகல. அப்போதான் இது அவசரம் இல்ல, வேற விஷயம்னு புரிஞ்சுது. முக்கியமா மூணு விஷயம் பண்ணல: அவனைப் பார்க்கல, கையைக் காட்டல, ரோட்டோரம் நிறுத்தல. கதவெல்லாம் லாக், கண்ணாடி ஏத்தியாச்சு, பக்கத்துல இருந்த தங்கச்சி 112க்கு போன் போட்டு எந்த ஊர் போர்டு தாண்டுறோம்னு சத்தமா சொல்லிக்கிட்டே வந்தா. அடுத்த டோல் பிளாசாவுல நேரா போலீஸ் நிக்கிற பக்கம் கொண்டு போய் நிறுத்தினேன். அவன் வேற லேன்ல போய் மறைஞ்சுட்டான். டோல் கேட்ல கேமரா இருக்கும், ஆள் இருக்கும், வெளிச்சம் இருக்கும், அதை விட நல்ல இடம் ஹைவேஸ்ல கிடையாது. அந்த மாதிரி ஒருத்தன் பின்னாடி வரும்போது வீட்டுக்கு மட்டும் ஓட்டிட்டுப் போயிறாதீங்க, வீடு எங்கன்னு அவனுக்குத் தெரிஞ்சுரும்.

போன்ல காவல் உதவி ஆப் போட்டு வைங்க. வண்டி ரிப்பேர், ஆக்சிடென்ட் மாதிரி ரோடு சம்பந்தமான உதவிக்கு 1033 இருக்கு, நேஷனல் ஹைவேஸ் முழுக்க அதான் நம்பர்.

அப்புறம் ஒண்ணு திட்டணும். நீங்க பயந்து ரோட்டோரமா நிறுத்தி ஹசார்ட் போட்டு உக்காந்தீங்கன்னு சொன்னீங்க. அந்த அஞ்சு நிமிஷம்தான் அன்னைக்கு ராத்திரியிலேயே நீங்க பண்ணுன ஆபத்தான வேலை. அவன் போயிட்டான், ஆனா அவன் பின்னாடி தூங்கிக்கிட்டு வர்றவன் எத்தனை பேரு. நிறுத்துறதுன்னா பங்க், ஹோட்டல், டோல், இல்ல சர்வீஸ் ரோடு இறங்கி. வண்டி ரிப்பேராகி வேற வழியே இல்லைன்னா முழுசா ஓரம் கட்டி, ஹசார்ட் போட்டு, சிவப்பு முக்கோணத்தை நல்லா பின்னாடி வச்சு, எல்லாரையும் இடது பக்கமா இறக்கி கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிக்க வைங்க. வண்டிக்குள்ள உக்காரக் கூடாது.


பெரம்பலூர்ப்பொண்ணு:

ஐயோ அதை நான் யோசிக்கவே இல்லக்கா. நிறுத்தினாதான் சேஃப்னு நினைச்சேன்.


பத்துவீல்:

கிளம்புறதுக்கு முன்னாடி இன்னொரு வேலை இருக்கு தங்கச்சி. ராத்திரி வண்டியை ஒரு செவுத்துக்கு முன்னாடி ரிவர்ஸ்ல நிறுத்தி பிரேக்கை மிதி, ரெண்டு பக்கமும் மேல இருக்குறதும் செவப்பா செவுத்துல அடிக்குதான்னு பாரு. இண்டிகேட்டரும் பாரு. நீ பிரேக் புடிக்கிறது அவனுக்குத் தெரியணும்ல.


பெரம்பலூர்ப்பொண்ணு:

அப்டேட். ஊருக்குப் போயிட்டு வந்தாச்சு.

வியாழக்கிழமை ராத்திரி அப்பார்ட்மெண்ட் பார்க்கிங் செவுத்துல பார்த்தேன், இடது பக்கம் பிரேக் லைட் எரியவே இல்ல. எத்தனை மாசமா அப்படியோ. மெக்கானிக் பல்பைக் கழட்டிக் காட்டினார், உள்ள கருப்பா இருந்துச்சு, அஞ்சு நிமிஷத்துல மாத்திட்டார்.

போகும்போது மேல்மருவத்தூர்கிட்ட ஒருத்தன் வந்து ஒட்டினான். கண்ணாடி லீவரை இழுத்தேன், லெஃப்ட் இண்டிகேட்டர் போட்டேன், 85 தாண்டல. முன்னாடி பஸ்ல இருந்து இன்னும் கொஞ்சம் விலகினேன். லாரி ரெண்டு லைட்டும் கண்ணாடியில தெரிஞ்சதும் இடது பக்கம் வந்தேன், அவன் போயிட்டான். கை வேர்க்கலைன்னு பொய் சொல்ல மாட்டேன், ஆனா ஸ்டியரிங் ஆடல.

பொண்ணு இப்போ பின்சீட்ல உக்காந்துக்கிட்டு எந்த போர்டு வந்தாலும் "தாம்பரம் செங்கல்பட்டு திண்டிவனம்"னு கத்துறா, பெரம்பலூர் வர்ற வரைக்கும் நிறுத்தல. அம்மா அடுத்த தடவை பஸ்லயே போலாம்னு இப்பவும் சொல்றாங்க, ஆனா காரணம் இப்போ இந்தக் கத்தல்தான்.